விசிறியக்காவின் இரண்டு கைகள்

பிரசவ வார்டில் எல்லோருக்கும் அவள் விசிறியக்கா. ஒரு கையில் விசிறி, மறு கையில் தண்ணீர் பாட்டில். இந்த இரண்டும் இல்லாமல் அவள் பிரசவ அறைக்குள் கால் வைத்ததே இல்லை. அவள் ஒரு டூலா. வலியில் துடிக்கிறவளின் முதுகை நீவிவிடுவது, தைரியம் சொல்வது, கடைசி வரை கூடவே நிற்பது, அவ்வளவுதான் அவள் வேலை. மருந்து, ஊசி, மெஷின் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கக்கூடாது. சும்மா இருக்கிற கை எதையாவது நோண்டும் என்பதால்தான் முதுகு நீவும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் இரண்டு கையிலும் சாமான்.

"குழந்தை நல்லா இருக்காக்கா?" என்று கேட்காத புருஷன் கிடையாது. எல்லோருக்கும் ஒரே பதில்தான்.

"டாக்டரக் கேளுங்க. நான் காத்து வீசறவ."

தலைமை நர்ஸ் கறார் பேர்வழி. மெஷினில் கைவைத்த டூலாக்களை அவள் ஏற்கெனவே வழியனுப்பி வைத்திருக்கிறாள். விசிறியக்கா மட்டும் எப்படியோ தாக்குப்பிடித்து நின்றாள்.

அன்றைக்கு வலியில் கிடந்தது அவளுடைய சொந்தத் தங்கை. உறவுக்காரர் ஒருவருக்குத்தான் உள்ளே இடம். அதில் தங்கை புருஷன் நின்றுவிட்டான். "நான் டூலாவாவே வரேன் சிஸ்டர்" என்றாள் விசிறியக்கா.

தலைமை நர்ஸ் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தாள். "அப்ப அக்காவ வாசல்லயே விட்டுட்டு வரணும்."

"அவ எங்க வரப்போறா!"

வந்துவிட்டாள். தங்கை வலியில் புரண்டதும், குழந்தையின் துடிப்பைக் கேட்க வயிற்றில் கட்டியிருந்த பெல்ட் நழுவியது. மெஷின் வாயை மூடிக்கொண்டது. வேறு யாராவது படுத்திருந்தால் விசிறியக்கா பேசாமல் மணியை அழுத்தியிருப்பாள். இவள் அவளிடம் தலை பின்னிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள். விசிறி கீழே விழ, கை தானாகப் போய் பெல்ட்டை இழுத்து இறுக்கியது. மெஷின் மறுபடி பேச ஆரம்பித்தது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

கொஞ்ச நேரத்தில் அதே மெஷின் கூப்பாடு போட்டது. துடிப்பு பாதியாகக் குறைந்திருந்தது. டாக்டரும் தலைமை நர்ஸும் ஓடி வந்தார்கள். டாக்டர் திரையைப் பார்த்தார்.

"தியேட்டர ரெடி பண்ணச் சொல்லுங்க."

விசிறியக்கா தான் இறுக்கிய பெல்ட்டைப் பார்த்தாள். சொன்னால் வேலையும் போச்சு, தங்கை பக்கத்தில் நிற்பதும் போச்சு. சொல்லாவிட்டால் தங்கை வயிற்றில் கத்தி.

"டாக்டர், பெல்ட் நழுவிச்சு. நான்தான் இழுத்துக் கட்டினேன்."

டாக்டர் பெல்ட்டை நகர்த்தி வைத்தார். குடுகுடுவென்று வேகமான துடிப்பு கேட்டது.

"இவ்ளோ நேரமும் அம்மாவோட துடிப்பக் காட்டியிருக்கு. குழந்தையோடது இதுதான்."

எல்லோருக்கும் மூச்சு வந்தது. தலைமை நர்ஸ் கையை நீட்டினாள். விசிறியக்கா கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியே போனாள்.

நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். வெட்கம் கொஞ்சம்தான். உள்ளே தங்கை "அக்கா, அக்கா" என்று கூப்பிடுவது கேட்டதுதான் தாங்கவில்லை.

கதவு திறந்தது. தங்கை புருஷன் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றான். "அண்ணி, நான் கையப் பிடிச்சாலே அவளுக்கு எரிச்சலா வருதாம். தொரத்திட்டா." அவன் முகத்தில் வருத்தத்தைவிட நிம்மதிதான் அதிகம்.

பின்னாலேயே தலைமை நர்ஸ். "டூலாவ அனுப்பியாச்சு. அவங்க கார்டு பத்தி நாளைக்குப் பேசிக்கலாம். உறவுக்காரங்க ஒருத்தர் உள்ள வரலாம். அக்கா யாராவது இருக்காங்களா?"

"இருக்கேன் சிஸ்டர்!"

பாட்டிலை எடுக்கப் போனவளை நர்ஸ் தடுத்தாள். "அத வச்சிட்டு வாங்க. ரெண்டு கையும் வேணும்."

இரண்டு கையாலும் தங்கையைப் பிடித்துக்கொண்டாள். தங்கையின் நகம் பதிந்தது. அடுத்த வலி வந்ததும் விசிறியக்காவின் வாய் தன்னால் கேட்டுவிட்டது.

"சிஸ்டர், குழந்தை நல்லா இருக்கா?"

தலைமை நர்ஸ் குனிந்து கீழே கிடந்த விசிறியை எடுத்தாள்.

"டாக்டரக் கேளுங்க" என்றாள், வீசிக்கொண்டே. "நான் காத்து வீசறவ."