ஏட்டையாவின் கசங்கிய சட்டை

ஏட்டையா போய்விட்டார் என்று என் மனைவி சுமதி போனில் சொன்னபோது, சேதராப்பட்டில் கம்பெனி வேனை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன். யார் சொன்னது, நீ நேரில் பார்த்தாயா, இல்லை கேள்விப்பட்டதா என்று கேட்டேன். "பாத்துட்டுத்தான் பேசறேன். நீங்களும் அவர மாதிரியே கேக்கறீங்க" என்று சொல்லி அழ ஆரம்பித்தாள்.

படத்திறப்பில் நாலு வார்த்தை பேசச் சொன்னீர்கள். மைக்கைப் பார்த்தால் என் நாக்கு பின்பக்கமாக ஓடும். எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். பத்தாவதை இரண்டாவது முறையில் தாண்டியவன் நான். பிழை இருந்தால் அவர் மேல் போட வேண்டாம், என் மேலேயே போடுங்கள்.

ஒரு சந்தேகத்தைத் தீர்க்கத்தான் எழுதுகிறேன். ஓய்வுபெற்ற ஏட்டு தணிகாசலத்தைச் செலியமேட்டில் கஞ்சி போட்ட சட்டை இல்லாமல் யாரும் பார்த்ததில்லை. தொப்பியையும் லத்தியையும் ஒப்படைத்துவிட்டு வந்தவர் விறைப்பை மட்டும் ஒப்படைக்கவில்லை. வெள்ளைச் சட்டை, தோளில் அட்டை மாதிரி மடித்த துண்டு. நாற்காலியில் உட்கார்ந்தால் சட்டை நொறுங்குகிற சத்தம் கேட்கும். அப்படிப்பட்டவர் கடைசி ஒரு வருடம் கசங்கிய துணியோடு திரிந்தார். பெண்டாட்டி செத்துத் தனியாக இருக்கிறவர், குடிக்க ஆரம்பித்துவிட்டார் என்று நம் தெரு முடிவு கட்டியது. சாவு வீட்டுப் பந்தலுக்குக் கீழேயே இரண்டு பேர் அதைப் பேசிக்கொண்டிருந்தார்கள். அது உண்மை இல்லை. காரணம் எங்கள் வீட்டுப் பூனை.

சென்னையில் வேலை பார்க்கும் என் மகள் பவித்ரா அந்தப் பூனையைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்தாள். வெளிநாடு போன சிநேகிதி கொடுத்ததாம், ஹாஸ்டலில் வைத்துக்கொள்ள விடவில்லையாம். உடம்பில் ஒரு முடி கிடையாது. மஞ்சள் தடவி வாட்டிய கோழி எழுந்து நடப்பது போல இருந்தது. லியோ என்று பெயர். எதிர்வீட்டிலிருந்து ஏட்டையா வந்தார். பூனையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாடா குமாரு, வெந்நிய ஊத்துனியா?"

பிறவியிலேயே இப்படித்தான் என்று பவித்ரா செல்போனில் படம் படமாகக் காட்டிய பிறகும் அவர் நம்பவில்லை. என்னைத்தான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருந்தாலும் அன்று மாலையே அது அவர் மடியில் ஏறிவிட்டது. மயிர் இல்லாத உடம்பு, எங்கே சூடு கிடைக்குமோ அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். மானம் மரியாதை இல்லாமல் ஊர் பார்க்கக் கிடக்கிறதே என்று சொல்லி, தோளிலிருந்த துண்டை எடுத்து அதன் மேல் போர்த்தினார். அதற்குப் பிறகு தினமும் மாலையில் எங்கள் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி, ஏட்டையா, மடியில் துண்டு போர்த்திய பூனை.

கொஞ்ச நாளில் பூனையின் முதுகிலும் கழுத்திலும் சிவப்புச் சிவப்பாகத் தடித்தது. ரத்தம் வரும்வரை சொறிந்தது. கால்நடை டாக்டரம்மா, இது ஒவ்வாமை, எதனால் என்று வீட்டில்தான் கண்டுபிடிக்க வேண்டும், ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள் என்றார். இதற்குள் சுமதி சொல்லிவிட்டாள்: காரணம் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் பவித்ரா வந்து தூக்கிக்கொண்டு போக வேண்டும், இது சொறிவதைப் பார்த்துக்கொண்டு தன்னால் சோறு தின்ன முடியாது. போனில் மகள் அழுதாள். அவளுக்குக் கொடுப்பதற்கு வேறு ஆள் இல்லை.

ஏட்டையா கேஸை எடுத்துக்கொண்டார். யாரும் கொடுக்கவில்லை, அவராகத்தான் எடுத்துக்கொண்டார். பூனைக்கு அன்றிலிருந்து பெயர் வாதி. காலையில் வந்ததும், "வாதி தூங்குச்சா?" என்பார்.

முதலில் மாட்டியது மீன். கடற்கரையிலிருந்து கூடையோடு வரும் அஞ்சலை, போகும்போது பூனைக்கு ஒரு சூடை மீனை வீசிவிட்டுப் போவாள். ஏட்டையா அவள் கூடையை இறக்கச் சொல்லி, எப்போது பிடித்தது, ஐஸ் எங்கே வாங்கியது, மருந்து கிருந்து தெளித்ததா என்று கேட்டார். நாலு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அஞ்சலை எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டுக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள்.

"எல்லாரையும் கேக்கற ஏட்டு. உன்ன யாரு கேக்கறது?"

மறுநாளிலிருந்து அவள் நம் தெருவுக்கு வரவில்லை. மீனை நிறுத்தியும் சொறி நிற்கவில்லை. அடுத்து சுமதியின் மஞ்சள் தேய்த்த கை. கை கழுவாமல் வாதியைத் தொடக் கூடாது என்று உத்தரவு. சுமதி பல்லைக் கடித்துக்கொண்டு கழுவினாள். பிறகு தரை துடைக்கும் லோஷன், கொசுவத்தி, என் வேனில் ஒட்டிவரும் தூசு. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அவர் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பூட்டிவைத்தார். கஸ்டடியாம். ஒரு வாரம் கொசுக்கடியில் நாங்களும் பூனையோடு சேர்ந்து சொறிந்தோம்.

வயிற்றுப் பக்கம் சுத்தமாக இருக்கிறது, முதுகில்தான் வருகிறது என்று டாக்டரம்மா சொன்னதை அவர் விடவே இல்லை. முதுகில் என்றால் மேலிருந்து ஏதோ விழுகிறது என்று பொருளாம். என்னை ஏணியில் ஏற்றி உத்தரத்தைத் துடைக்கவிட்டார். பல்லி எச்சம், ஒட்டடை, சுண்ணாம்பு எல்லாம் விழுந்தன. எல்லாம் என் மேல்தான் விழுந்தன. எனக்குத் தடிக்கவில்லை என்பதால் உத்தரம் விடுதலை ஆனது.

அதற்குள் வீட்டில் ஒருவரை ஒருவர் நம்புவதை விட்டுவிட்டோம். சுமதி திருட்டுத்தனமாகப் பால் வைக்கிறாளோ என்று நானும், நான் பூனையை விரட்டத் திட்டம் போடுகிறேனோ என்று அவளும் பார்த்துக்கொண்டோம். கடைசியில் ஏட்டையா, வாதியையே தன் வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்றார். அங்கே ஆறினால் குற்றவாளி எங்கள் வீட்டில் இருக்கிறான் என்று அர்த்தம்.

அங்கே போய் இன்னும் மோசமானது. கழுத்து புண்ணாகிவிட்டது. பவித்ரா அந்த ஞாயிறே வந்து பூனையை எங்காவது காப்பகத்தில் விட்டுவிடுவதாகச் சொன்னாள். ஏட்டையா என்னிடம், வெள்ளிக்கிழமை வரை டைம் கொடு என்று மட்டும் கேட்டார். அந்த வாரம் முழுக்கக் கதவைச் சாத்தியே வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை வந்தார். தோளில் துண்டு இல்லை. கையில் ஒரு பாலித்தீன் பை, அதற்குள் அந்தத் துண்டு.

"இதான் பொருளு. ஆளு நானு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அந்த அஞ்சல கேட்டது காதுலயே நின்னுது குமாரு. ஒவ்வொருத்தரையும் கேட்டேன், என்னத்தான் கேக்கல. போத்தாம வுட்டேன், அடங்கிப் போச்சி. நேத்து திரும்பப் போத்துனேன். ராத்திரியே தடிச்சிடுச்சி. கடையில வாங்கற கஞ்சி, அதுல வாசன இன்னாத்தயோ போடறான். நம்ப தோலுக்குத் தெரியல."

டாக்டரம்மாவிடம் துண்டைக் காட்டினோம். அந்த வாசனைத் திரவமும் மொரமொரப்பும் மயிர் மூடாத தோலுக்கு ஆகாதுதான், இதுவாகத்தான் இருக்கும் என்றார். துண்டை விட்டதும் முதுகு ஆறியது. ஞாயிற்றுக்கிழமை வந்த பவித்ரா, வந்தபடியே வெறுங்கூடையோடு திரும்பினாள்.

துண்டுக்கு மட்டும் கஞ்சி போடாமல் இருந்தால் போதாதா என்று கேட்டேன். சட்டை மேல் ஏற மாட்டேன் என்று வாதி எழுதிக் கொடுத்ததா என்று திருப்பிக் கேட்டார். எல்லாத் துணியும் ஒரே வாளியில்தான் ஊறுகின்றன, ஒன்றை விட்டால் எல்லாவற்றையும் விட வேண்டும் என்றார். விட்டார். இதை வெளியே சொல்லாதே, ஸ்டேஷன் ஆட்கள் சிரிப்பார்கள் என்று என்னிடம் வாக்கு வாங்கினார். அவரைக் குடிகாரன் என்று சொல்கிறார்கள் என்று நான் காதில் போட்டபோதும், "சந்தேகப்படட்டும். விசாரிச்சாத் தெரிஞ்சிடப் போவுது" என்றார். ஒருவரும் விசாரிக்கவில்லை. இப்போது வாக்கை மீறுகிறேன். அவர் வந்து கேட்டால் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

இன்னொன்றும் செய்தார். பாகூர் மார்க்கெட்டுக்குப் போய், அஞ்சலை கூடை முன்னால் கசங்கிய சட்டையோடு நின்றிருக்கிறார். என்ன பேசினார் என்று இருவருமே சொல்லவில்லை. மறுநாள் தெருவில் அவள் மீன் கூவுகிற குரல் கேட்டது. அவர் சாவுக்கு, விற்காத கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டுச் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தவளும் அவள்தான்.

அன்று அவருக்குப் புது வேட்டி சட்டை போட்டிருந்தார்கள். நன்றாகக் கஞ்சி போட்டது. இன்று நீங்கள் திறக்கப்போகும் படத்திலும் விறைப்பாகத்தான் நிற்கிறார். அதுவும் அவர்தான், மறுக்கவில்லை. கொடியில் பழைய துண்டு ஒன்று தொங்கியது, துவண்டு போய். அதை எடுத்துக்கொள்ளட்டுமா என்று காரைக்காலிலிருந்து வந்திருந்த அவர் மகனிடம் கேட்டேன். "அது எதுக்கு உங்களுக்கு?" என்று ஓரக்கண்ணால் பார்த்தான். அப்பன் கண் அப்படியே. துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். தம்பி, இதைப் படித்தால் தெரிந்துகொள்.

என்னிடம் இருப்பது அந்தத் துண்டுதான். மாலையில் அதே நாற்காலியில் நான் உட்கார்கிறேன். பூனை கொஞ்ச நேரம் எதிர்வீட்டுக் கதவைப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் என் மடியில் ஏறுகிறது. போர்த்துவதற்கு முன்னால் துண்டை ஒரு தடவை முகர்ந்து பார்க்கிறேன். ஏட்டையாவின் துண்டுதான், என் கையால் வெறும் தண்ணீரில் அலசியதுதான். இருந்தாலும் விசாரிக்காமல் போர்த்துவதில்லை.