எட்டு மைக்கும் ஒரு தாளமும்

2006 ஜூன் 11, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது பத்து. இடி இல்லாத, விடாத மழை. கரமனையில் என் வீட்டுக் கூடத்தில் எட்டு மைக், எட்டு வயர், அவை வந்து சேரும் ஒரு பெட்டி, கம்ப்யூட்டர் எல்லாம் தயாராக இருந்தன.

எதற்கு என்றால், பழி வாங்க. முந்தைய மாதம் ஏகாதசி பஜனையில், நாற்பத்தோரு பேர் முன்னால், என் ஜால்ரா தாளத்தை இழுக்கிறது என்று சொல்லி, பஜனையை நடத்தும் பாகவதர் அதை வாங்கித் தம் மருமகனிடம் கொடுத்துவிட்டார். பத்தொன்பது வருஷம் நான் போட்ட தாளம். நான் இழுக்கவில்லை, அவர்தான் ஓடுகிறார். எட்டுப் பேரையும் தனித்தனி டிராக்கில் பதிவு செய்து போட்டுக் காட்டினால் தெரிந்துவிடும். பதிவு இலவசம், அன்று மட்டும் ஜால்ரா எனக்கு என்றேன். சம்மதித்தார்.

மூன்று வாரம் தனியாக உட்கார்ந்து பொருத்தினேன். எந்த டிராக்குக்கு எந்த மைக் என்று சொல்லாவிட்டால் எட்டிலும் முதல் மைக்கே பதிவாகும். அதைக் கண்டுபிடிக்க ஆறு நாள். கம்ப்யூட்டர் ஒலியைக் கொஞ்சம் சேர்த்து வைத்து வெளிவிடும் அளவுக்குப் பஃபர் என்று பெயர். அதைச் சிறிதாக வைத்தால் சடசடவென்று சத்தம். நிமிஷத்துக்குப் பதினேழு எண்ணினேன். பெரிதாக்கியதும் நின்றது.

பதிவையும் கவனிக்க வேண்டுமே என்று, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கம்ப்யூட்டர் வழியாக வந்த பாட்டைக் கேட்டே ஜால்ரா போட்டேன். பன்னிரண்டு பாட்டு. முடிந்ததும் போட்டுக் காட்டினேன். மிருதங்கத்தின் ஒவ்வொரு அடிக்கும் பின்னால் என் ஜால்ரா நொண்டிக்கொண்டு வந்தது.

"மாமா, மிஷின் பொய் சொல்லாதுன்னு நீங்கதானே சொன்னேள்," என்றார் பாகவதர். மிருதங்கக்காரர் குனிந்து சிரித்தார். "நன்னா ரெக்கார்ட் ஆயிருக்கு, கேட்டோ. ஜால்ராவை இங்கே வச்சுடுங்கோ."

அவர்கள் போன பிறகு கையேட்டை மறுபடி படித்தேன். பஃபர் பெரிதானால் ஹெட்போனில் ஒலி தாமதமாக வருமாம். கிட்டத்தட்ட பத்தில் ஒரு நொடி. அந்தத் தாமதமான பாட்டுக்குத்தான் நான் சரியாகத் தாளம் போட்டிருக்கிறேன். பாகவதரிடம் போனில் நான்கு முறை விளக்கி, இன்னொரு பதிவு கேட்டேன்.

"ஒரு தடவை கேட்டது போறாதா மாமா?" என்று சொல்லி வைத்துவிட்டார்.

என் டிராக்கை மட்டும் அந்த அளவு முன்னால் நகர்த்தினேன். எல்லா அடியும் பொருந்தியது. பதினோராவது பாட்டில் அவர் ஓடியதும் தெரிந்தது. காட்டத்தான் ஆள் இல்லை. ஆகவே பாகவதரின் டிராக்கை மூடினேன். மற்ற மைக்குகளில் புகுந்திருந்த அவர் குரல், பக்கத்துத் தெருவிலிருந்து யாரோ கூப்பிடுவதுபோல் லேசாகக் கேட்டது. என் ஜால்ராவை ஏற்றினேன். அதை சிடியில் எழுதி, குடை பிடித்துக்கொண்டு, அவர் வீடு உட்பட ஏழு வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இதில் நீங்கள் எங்கே என்று பாகவதரிடம் அவர் மனைவியே கேட்டாராம். அதன்பின் பஜனைக்கு என்னை யாரும் அழைப்பதில்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை. பெட்டி, மைக், வயர், சிடி எல்லாம் சேர்த்து முப்பத்தாறாயிரத்து எண்பது ரூபாய் ஆயிற்று.