பாவுக்கு அடியில் பாதிக் குனிவு

உலகச் சண்டைக் காலம். நூல் கிடைப்பதே பெரும்பாடு. கால்கடுக்க நின்று வாங்கிய நூலைத் தறிக்கான பாவாக்கி, அருப்புக்கோட்டையில் எங்கள் தெரு நீளத்துக்கு இடுப்பு உயரத்தில் இழுத்துக் கட்டி, விடிந்ததும் கஞ்சி போட்டிருந்தோம். அது காய்வதற்குள் நார்ப் பிரஷால் நீவிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் இழைகள் ஒட்டிக்கொண்டு பாவு பாயாகிவிடும். அந்த மாதத்துக்கு வேறு நூல் கிடையாது. அடுப்பு எரியவும் வேறு வழி கிடையாது.

நெசவுத் தெருவில் பாவை யாரும் தாண்டக்கூடாது. எதிர்ப்பக்கம் போக வேண்டுமென்றால், எவ்வளவு பெரிய மனிதரானாலும் அடியில் குனிந்துதான் நுழைய வேண்டும். நானும் அறுந்த இழை ஒன்றை முடியப் போகிற அவசரத்தில் நுழைந்தேன். நடுவில் இடுப்பு ‘கடக்’ என்றது. அவ்வளவுதான். நிமிரவும் முடியவில்லை, தணியவும் முடியவில்லை. முதுகுக்கு மேலே விரற்கடை தூரத்தில் பாவு. பிடரியில் கஞ்சி சொட்டியது.

செத்தேன் என்றே முடிவு செய்துவிட்டேன். இந்த வளைவோடு பாடையில் எப்படிக் கிடத்துவார்கள்? உட்கார்த்தித்தான் தூக்க வேண்டும். அதற்கு மூங்கில் அதிகம் பிடிக்குமே என்றுகூடக் கவலைப்பட்டேன்.

“அப்படியே குந்துங்களேன்!” என்றாள் மனைவி. வீட்டில் நாங்கள் பேசுவது தெலுங்கு. போகிறவர் வருகிறவருக்கும் புரியட்டும் என்றோ என்னவோ, தமிழில் கத்தினாள்.

“குந்த முடிஞ்சா குந்த மாட்டேனா?”

பிரஷின் ஒரு முனையைப் பிடித்திருந்த அவள் அண்ணன், “மாப்ள, மண்டி போட்டுத் தவந்து வாரும்” என்றார்.

“நீரு வந்து தவந்து காட்டும் மச்சான்.”

நரிக்குடிப் பக்கம் ஆடு பத்திக்கொண்டு போன ஒருவர் நின்று வேடிக்கை பார்த்தார். “என்னய்யா இப்படிப் பம்முறீரு? எதையும் களவாண்டுட்டீரா?”

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. குனிவது வேலை செய்கிறவன். குந்துவது வெற்றிலை போட்டு ஊர்க்கதை பேச வந்தவன். பம்முவதற்கு ஏதாவது தப்புச் செய்திருக்க வேண்டும். கூனுவதற்கு வயது ஆகவேண்டும். எனக்கு அப்போது தலையில் ஒரு நரைகூட இல்லை. முடங்கலாம் என்றால் அதற்குக் காய்ச்சலும் ஒரு கிழிந்த போர்வையும் தேவை. இத்தனை சொல் வைத்திருக்கிற ஊரில், பாதியில் மாட்டிக்கொண்டவனுக்கு என்று ஒரு சொல் இல்லை! ஆளுக்கொரு சொல்லை என் மேல் எறிந்தார்கள். ஒன்றும் என் உடம்புக்குப் பொருந்தவில்லை.

அதற்குள் ஆடுகள், யாரும் சொல்லாமலே, என் இரு பக்கமும் பாவுக்கடியில் நுழைந்து போயின. ஒரு கிடா நின்று என் பிடரிக் கஞ்சியை நக்கியது. கூச்சத்தில் நெளிந்தேன். முதுகு பாவை முட்டியது.

“அசையாதீரு! இழை அறுந்துரும்!” மச்சான் அலறினார்.

“நான் மேல தாண்டி வந்து தூக்கி விடட்டா?” என்று ஆட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

“தாண்டாதீக!” என்று தெருவே கத்தியது. எல்லாருக்கும் முந்திக் கத்தியவன் நான்தான். என்னைக் காப்பாற்ற வந்த ஒரே ஆளையும் நானே விரட்டினேன்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மச்சான் பாவைத் தொட்டுப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “காய ஆரம்பிச்சுருச்சு மாப்ள. நீரு அப்படியே கெடயும். நாங்க வேலையப் பாக்குறோம்.”

பார்த்தார்கள். பிரஷ் என் தலைக்கு மேலே சர்ரென்று போகும், சர்ரென்று வரும். ஒவ்வொரு தடவையும் என் கழுத்தே போகிறதென்று கண்ணை மூடிக்கொண்டேன். மனைவி ஒரு சொம்பு நீராகாரத்தை நீட்டினாள். குனிந்த வாய்க்கு மேலிருந்து ஊற்ற முடியாது. கீழிருந்து ஊற்றினால் போகாது. பாதி மூக்கில் ஏறியது. “சிந்தாமக் குடிங்க” என்று அதற்கும் ஒரு திட்டு.

பாவு ஒழுங்காகக் காய்ந்தது. ஓர் இழை ஒட்டவில்லை. முனையிலிருந்து சுருட்டிக்கொண்டு வந்து, என் தலைக்கு மேலிருந்ததையும் எடுத்துவிட்டார்கள். வெயில் முதுகில் விழுந்தபோதுதான் எனக்கு விடுதலை என்றே தெரிந்தது. ஆனால் நிமிர முடியவில்லை.

சுருட்டிய பாவைப் பச்சைப் பிள்ளையைப் போல நாலு பேர் ஏந்திக்கொண்டு போனார்கள். என்னைத் தூக்க ஒருவரும் இல்லை. வளைந்தபடியே பின்னால் நடந்தேன். எங்கள் வீட்டு வாசல் நிலை தணிவு. தினமும் தலையில் இடிக்கும். அன்று இடிக்கவில்லை.