கல்யாண ரோலில் மிஞ்சிய இலை

சும்மா கொடுப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. எண்பதுகளில் ஏற்காட்டில் நான் பார்த்த வேலைக்கு அந்தக் குணம் தேவையாகவும் இருந்தது. சின்னச் சின்னக் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு எங்கள் ஆபீஸ் தபாலில் பாடம் அனுப்பும். பாடத்துக்குப் படம் தேடுவது என் வேலை. எனக்கு முன்னால் இருந்தவர் ஏதோ புத்தகத்திலிருந்து ஒரு படத்தை எடுத்துப் போட்டு, வக்கீல் நோட்டீஸ் வந்து, வேலையை விட்டே போனார். அதனால் ஒவ்வொரு படத்துக்கும் ‘இது யாருக்கும் சொந்தமில்லை’ என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். வம்பு வந்தால் என் தலைதான் உருளும்.

இலைத்துரு நோய்ப் பாடத்துக்குப் படமே கிடைக்காமல் அலைந்தபோது, கடைவீதி ஸ்டுடியோக்காரர் ஒரு கவரை நீட்டினார். உள்ளே காப்பி இலைகள். அடிப்பக்கத்துத் துருப்புள்ளிகளை எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு.

“சும்மாவே வெச்சுக்குங்க அம்மணி. யாரும் வந்து கேக்க மாட்டாங்க.”

ஒருவர் தானாக அப்படிச் சொன்னால், கேட்க யாரோ இருக்கிறார்கள் என்று அர்த்தம். வீட்டில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அச்சடித்த படத்தில் தெரியும் புள்ளிகள் இதில் இல்லை. புத்தகத்துப் படம் இல்லையென்றால் ஏதோ எஸ்டேட் முதலாளியின் ஆல்பத்திலிருந்து உருவியிருப்பார் என்று நினைத்தேன். மறுநாள் போய் நெகட்டிவைக் கேட்டேன்.

“அதெல்லாம் எதுக்குங்க? நொம்பப் பழசுங்க” என்று இழுத்தார்.

விடாமல் நான்கு நாள் நடந்தேன். ஐந்தாம் நாள், நெகட்டிவ் இல்லையென்றால் படமும் வேண்டாம் என்று கவரை அவர் மேஜையில் போட்டேன். உள்ளே போய் ஒரு டப்பாவை எடுத்து வந்து வைத்தார். முகம் வெளிறிப்போயிருந்தது.

வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு நெகட்டிவ் துண்டிலும் கடைசி இரண்டு படம்தான் இலை. மற்றதெல்லாம் யார் யாருடைய கல்யாணமோ.

“கல்யாணத்துக்கு எடுக்கற பிலிம் ரோல்ல ரெண்டு படத்த மிச்சம் வெச்சுக்குவேனுங்க. திரும்பி வர்ற வழியில எனக்குப் புடிச்சத எடுப்பேன். எனக்குன்னு ரோல் வாங்க முடியுங்களா?”

ஆளைப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் அடுத்த துண்டை எடுத்தேன். இருப்பதிலேயே நல்ல இலை அதில்தான் இருந்தது. அதற்கு முந்தைய படத்தில் முக்காட்டோடு நின்றது என் தங்கை.

அவள் கல்யாணத்தன்று பந்தி முழுக்க அப்பாதான் நின்று கவனித்தார். எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு, சட்டை மாற்றிக்கொண்டு மகள் பக்கத்தில் வந்து நின்றார். இதே ஸ்டுடியோக்காரர், “ரோல் முடிஞ்சுதுங்க” என்றார். “பரவால்லீங்க” என்று அப்பா நகர்ந்துகொண்டார். அடுத்த மழைக்காலத்தில் செத்துப்போனார். தங்கையும் அவரும் சேர்ந்திருக்கும் கல்யாணப் படம் எங்களிடம் ஒன்றுகூட இல்லை.

ஸ்டுடியோக்காரரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அந்த இலைப் படத்தை மட்டும் கவரிலிருந்து எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எனக்கு ஆத்திரம் அடங்கவே இல்லை.

அன்றுதான் பாடம் அச்சுக்குப் போகக் கடைசி நாள். ஆபீசில் அந்தப் படத்தை மேஜையில் வைத்துவிட்டுக் கையெழுத்துப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். அதிகாரி வந்து, “யாருதும்மா இது?” என்றார்.

“எங்கப்பாவுதுங்க.”

“அட, உங்கூட்டுப் படமா? அப்ப அவருகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துரு கண்ணு. சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்குது.”

“சரிங்க” என்று படிவத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டு வரை நடந்த பிறகுதான், யாரிடம் வாங்கப் போகிறேன் என்று நின்றேன். அந்தப் பாடம் படமில்லாமலே அச்சுக்குப் போனது.