அழித்த கோப்புறையில் மாமாவின் திதி

"செவ்வாய் பிற்பகல்: அமைப்புக் கோப்பு மேலாளர் நிறுவப்பட்டது. எல்லாம் ஒழுங்கு. செவ்வாய் மாலை: அகற்றப்பட்டது. ஒன்றும் ஒழுங்கில்லை." என் நாட்குறிப்பின் ஒரே பக்கத்தில் இந்த இரண்டு குறிப்புகளும் இருக்கின்றன. இடையில் நடந்ததற்கு என் மனைவி ஒரு பெயர் வைத்திருக்கிறாள். அது அச்சுக்கு உகந்ததல்ல.

நிறுவச் சொன்னவன் அவளுடைய தம்பி. கல்கிசையில் இருக்கிறான், மென்பொருள் வேலை. என் லப்டொப் சாகப்போகிறது, ஒவ்வொரு நிரலும் தன் அமைப்புகளை வைத்திருக்கும் கோப்புகளை ஒரே கோப்புறையில் சேர்த்துவிட்டால் புதியதற்கு அப்படியே தூக்கிப்போகலாம் என்றான். கட்டளை எழுதும் கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினேன். மேலாளர் வந்து இறங்கியது. இன்னொரு வரி, கோப்புகள் எல்லாம் புதிய கோப்புறைக்குக் குடிபெயர்ந்தன. பழைய இடங்களில், போன விலாசத்தைக் காட்டும் இணைப்புகள் மட்டும் நின்றன.

பட்டியலைப் பார்த்தேன். பல வருடத்துக் கோப்புகள் அனைத்துக்கும் அன்றைய திகதி. திகதியை மாற்றுகிறவர்களை நான் மன்னிப்பதில்லை. சில சரித்திர ஆசிரியர்களை அதற்காகவே வாசிக்காமல் விட்டிருக்கிறேன். நான் பார்த்தது இணைப்புகள் பிறந்த திகதி, கோப்புகளின் திகதிகள் உள்ளே பத்திரமாக இருந்தன என்பது பிறகுதான் தெரிந்தது. அப்போதைய கோபத்தில் ஒரு வரியில் மேலாளரை அகற்றினேன். அது விட்டுப்போன குப்பை என்று எண்ணி, அடுத்த வரியில் கோப்புறையையும் அழித்தேன். அந்தத் திரையில் அழித்ததைத் திரும்ப எடுக்க வழி கிடையாது. காட்ட இடமில்லாமல் இணைப்புகள் எல்லாம் சிவப்பாகின.

போனவற்றில் ஒன்று, நாட்களை நினைவூட்டும் நிரலின் கோப்பு. குடும்பத்துத் திதிகள் அதில்தான் இருந்தன. அடுத்து வரவேண்டியது மனைவியின் அப்பாவான மாமாவின் திதி. அதைச் செய்யவேண்டிய ஒரே மகன், நிறுவச் சொன்ன அதே மச்சான். வருடா வருடம் என்னிடம் கேட்டுத்தான் ஐயருக்குச் சொல்வான். அவனுக்குப் போன் எடுத்தேன்.

"முதல்ல இணைப்பை அவிழ்க்கிறதுக்கு ஒரு கொமாண்ட் இருக்கு அத்தான். அதைக் குடுக்காமல் ஆராவது ஃபோல்டரை அழிப்பினமே?"

"அழிச்சனான்."

"அப்பா உங்கட லப்டொப்பிலதான் இருக்கிறார் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

மரண அத்தாட்சிப் பத்திரத்தில் ஆங்கிலத் திகதி இருந்தது. கொட்டாஞ்சேனை ஐயர் அந்த வருடத்துப் பஞ்சாங்கங்கள் இரண்டையும் தேடி எடுத்தார். மாமா கண்மூடியது விடியப்புறம். அந்நேரம் வாக்கியப் பஞ்சாங்கத்தில் தசமி. திருக்கணிதத்தில் ஏகாதசி பிறந்துவிட்டது. உங்கள் வீட்டு வழக்கம் எது என்று ஐயர் கேட்டார். அதைத் தீர்த்துவைத்தவர் மாமி. இப்போது மாமியும் இல்லை. அவர் சொன்னதைக் கோப்பில் எழுதியவன் நான். எழுதிவைத்த எதையும் நான் நினைவில் வைத்திருப்பதில்லை.

"ஊருக்கெல்லாம் திகதி சொல்லுவியள்," என்றாள் மனைவி. "அப்பான்ர திதியைத்தான் துலைப்பியள்."

மச்சான் தசமி என்றான். அது ஞாயிற்றுக்கிழமையில் வந்தது, லீவு போடத் தேவையில்லை. இதைவிட நல்ல காரணம் ஒருவரிடமும் இருக்கவில்லை, தசமி வென்றது.

மொட்டைமாடியில் காகத்துக்குச் சோறு வைத்தோம். உடனே வந்து சாப்பிட்டது. அப்பா ஏற்றுக்கொண்டார் என்று மச்சான் நிம்மதியானான். வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடைகளின் பின்னால் வளர்ந்த காகம் எந்தத் திதியிலும் சாப்பிடும் என்பதை நான் சொல்லவில்லை.

மாமி சொன்னது தசமியா ஏகாதசியா என்பதை இதை எழுதும்வரை உறுதிப்படுத்த முடியவில்லை.