விட்டுக்கொடுக்கிறேன், ஒத்துக்க மாட்டேன்

எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. திருவண்ணாமலையில் தேரடி வீதியை ஒட்டிய ஒரு சந்தில், மாடியில் இருந்த வக்கீல் ஆபீசில் நான் தமிழ் டைப்பிஸ்டாக வேலை பார்த்தேன். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. டைப்ரைட்டிங்கில் ஹையர் பரீட்சை பாஸ் பண்ணிய கர்வம் வேறு. வக்கீல் சொல்லச் சொல்ல அடித்துத் தள்ளுவேன். பிழையில்லாமல் அடிப்பதுதான் என் வேலை, அதில் என்ன இருக்கிறது என்று நினைத்துப் பார்ப்பது என் வேலை இல்லை என்பது அன்றைய என் எண்ணம்.

கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மாள் எங்களிடம் கட்சிக்காரராக வந்துகொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். அவருடைய கணவருக்கும் கணவரின் தம்பிக்கும் ஒரு கிணற்றின் மேல் வழக்கு. பாகப்பிரிவினைக்கு முன்பு வெட்டிய கிணறு அது. பொதுக் குடும்பப் பணத்தில்தான் வெட்டினார்கள், எனக்கும் பாதி உண்டு என்று வழக்குப் போட்டவர் தம்பி. இல்லை, என் சொந்தச் சம்பாத்தியத்தில் வெட்டியது என்று அண்ணன் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து சாட்சி சொன்னார். வழக்கு முடிவதற்குள் அவர் இறந்துபோனார். பிறகு வழக்கு இந்த அம்மாள் தலையில் விழுந்தது.

இரண்டு போகம் தொடர்ந்து மழை ஏமாற்றியதும் அந்த அம்மாளே சமாதானத்துக்கு வந்தார். பாதிக் கிணற்றைக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். இரண்டு தரப்பு வக்கீல்களும் பேசி ராஜி மனு தயாரானது. அதை அடித்தவள் நான்தான்.

கையெழுத்துப் போட வேண்டிய காலையில் அந்த அம்மாள் நேரத்தோடு வந்துவிட்டார். பெயரை எழுதத் தெரியுமே தவிர, அவருக்குப் படிக்க வராது.

“பாப்பா, இன்னா எழுதிக்கீதுன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லும்மா.”

நான் செய்தி வாசிப்பதுபோல கடகடவென்று படித்தேன். ‘மேற்படி கிணறு பொதுக் குடும்பப் பணத்தில் வெட்டப்பட்டது என்பதைப் பிரதிவாதி ஒப்புக்கொள்கிறார்’ என்ற இடம் வந்ததும் அவர் கையை நீட்டி நிறுத்தினார். அந்த வரியை மறுபடியும் படிக்கச் சொன்னார். படித்தேன். பேனாவை மேசைமேல் வைத்துவிட்டார்.

“இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேங்க.”

வக்கீல் நிமிர்ந்து பார்த்தார். “ஏம்மா, பாதி கொடுக்கிறேன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“இப்பவும் சொல்றேங்க. தண்ணி இல்லாம தம்பி கொல்லையில மல்லாட்டைச் செடி காயுது, அதுக்கும் ரெண்டு புள்ளைங்க கீது. விட்டுக்கொடுக்கிறேன். ஆனா ஒத்துக்க மாட்டேன்.”

“ரெண்டும் ஒண்ணுதாம்மா. எப்படியும் பாதி போகப்போவுது.”

“ஒண்ணு இல்லீங்க ஐயா. என் வளையலை வித்து, அவரு ராவும் பகலும் மண்ணு தூக்கி வெட்டின கிணறு அது. கூண்டுல ஏறி சத்தியம் பண்ணிச் சொன்னாரு. இதுல நான் கையெழுத்துப் போட்டா அவரு சொன்னது பொய்னு ஆவுதா இல்லையா? செத்துப்போன மனுஷன் திரும்பி வந்து இல்லேன்னு சொல்லுவாரா?”

குரல் உயரவே இல்லை. நான் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். முந்தின நாள் ‘ஒப்புக்கொள்கிறார்’ என்ற அந்த வார்த்தையை என் விரல்கள் எவ்வளவு வேகமாகத் தாண்டிப் போயிருக்கும் என்று நினைத்தபோது என்னவோபோல் இருந்தது.

வக்கீல் தாளை வாங்கி அந்த வரியைப் பார்த்தார். அந்த வாசகம் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டு வாங்கியது. அது இல்லாமல் அவர்கள் ராஜிக்கு வர மாட்டார்கள். ராஜி இல்லையென்றால் வழக்கு இன்னும் பல வருஷம் இழுக்கும், கோர்ட் தடை இருப்பதால் அதுவரை கிணற்றில் யாரும் மோட்டார் போட முடியாது. கடைசியில் என்னிடம், “கீழ டீக்கடையில இவங்க கொழுந்தனாரு உக்காந்திருப்பாரு, கூட்டிக்கிட்டு வாம்மா” என்றார்.

படியிறங்கிப் போனேன். அந்த மனிதரைக் கோர்ட் வாசலில் பார்த்திருக்கிறேன். அண்ணன் இருந்தவரை எதிரெதிரே நின்று கத்தியவர். மேலே வந்து கூச்சல் போடப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

வந்தவர் உட்காரவில்லை. வக்கீல் விஷயத்தை அப்படியே சொன்னார். “உங்க வக்கீலு இந்த வரி கண்டிப்பா வேணும்னாரு. இந்தம்மா வேணாம்ங்கிறாங்க. அவரைக் கேட்டுக்கிட்டு முடிவு சொல்லுங்க. நாளைக்கு இவங்க பேச்சு மாறினா அப்புறம் உங்களுக்குத்தான் கஷ்டம்.”

அவர் அண்ணியைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாகத் தெரிந்த மலையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அந்த வரியை எடுத்துடுங்க. எங்க வக்கீலுகிட்ட நான் சொல்லிக்கிறேன்” என்றார். “எங்கண்ணி குடுத்தேன்னா குடுத்ததுதான். பேச்சு மாறாது.” கொஞ்சம் நிறுத்தி, இன்னும் தாழ்ந்த குரலில், “எங்கண்ணன் பொய் சொல்ற ஆளு இல்லீங்க. சாவுக்குக்கூட நான் போவல” என்றார்.

அந்த அம்மாள் அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வெளியே வந்தது. சத்தமில்லாத அழுகை. நான் மெஷினில் புதுத் தாளைச் செருகினேன். ‘கிணற்றில் பாதி உரிமையைப் பிரதிவாதி மனமுவந்து வாதிக்கு விட்டுக்கொடுக்கிறார்’ என்று வக்கீல் நிதானமாகச் சொன்னார். அன்றைக்கு ஒவ்வோர் எழுத்தையும் பார்த்துப் பார்த்து அடித்தேன். படித்துக் காட்டியதும் அந்த அம்மாள் தலையாட்டிவிட்டுத் தன் பெயரை எழுதினார். எதிர்த்தரப்பு வக்கீல் சிடுசிடுத்தாராம், ஆனாலும் ராஜி பதிவாகிவிட்டது.

கோர்ட் வேலை முடிந்து அந்த அம்மாளும் கொழுந்தனாரும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனதை மாடியிலிருந்து பார்த்தேன். சேர்ந்து நடக்கவில்லை, அவர் முன்னால், அந்த அம்மாள் நாலடி பின்னால். தெரு முனையில் மட்டும் அவர் நின்று, அண்ணி வந்து சேரும்வரை காத்திருந்தார்.

பிறகு எனக்குக் கல்யாணமாகி, மாமியார் வீடு, நாத்தனார், பிள்ளைகள் என்று எத்தனையோ சண்டைகள் வந்து போய்விட்டன. எனக்கு வேண்டியது கிடைத்த பிறகும், ‘தப்பு உன்மேலதான்னு ஒத்துக்கோ’ என்று எதிராளியை விடாமல் நெருக்கத் தோன்றும்போதெல்லாம் அந்த அம்மாள் மேசைமேல் வைத்துவிட்ட பேனா கண்ணில் நிற்கும். கொடுப்பவரிடமிருந்து அதற்குமேல் எதையும் பிடுங்கக் கூடாது என்று வாயை மூடிக்கொள்வேன்.