வெண்டல் ஸ்ட்ரவுட் வாங்கிய உயர்ந்த ரகத் தோட்டா

எங்கள் ஓக்லஹோமா ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற வெண்டல் ஸ்ட்ரவுட், வீடு வாங்கியபோதுகூட அவ்வளவு யோசித்ததில்லை. கைத்துப்பாக்கிக்குத் தோட்டா தேர்ந்தெடுக்க ஒரு குளிர்காலம் முழுக்கப் படித்தார். பயிற்சிக்கு மலிவான உருண்டைமுனைத் தோட்டா, வீட்டுக் காவலுக்கு முனையில் குழியுள்ள உயர்ந்த ரகம் என்று முடிவானது.

"குழி வச்சது உடம்புக்குள்ள விரிஞ்சு நின்னுடும்பா. சுவரைத் துளைச்சுப் பக்கத்து வீட்டுக்காரன் சாப்பாட்டு மேசைக்குப் போகாது" என்று சர்ச் விருந்துகளில் பொரித்த கோழியும் கையுமாக விளக்குவார். சனிக்கிழமைதோறும் மலிவானதைச் சுட்டுப் பழகுவார். மற்ற நாட்களில் உயர்ந்தது துப்பாக்கிக்குள் பத்திரமாக இருந்தது.

ஒரு மதியம் கார் கொட்டகைக்குள் கிலுகிலுப்பைப் பாம்பு புகுந்தது. வெண்டல் துப்பாக்கியோடு பாய்ந்து வந்து, தோட்டாவை ஏற்ற அதன் மேல்பகுதியைப் பின்னுக்கு இழுத்துவிட்டார். குழிமுனைத் தோட்டா குழலுக்குள் ஏறாமல் பாதியில் சிக்கிக்கொண்டது. அவர் அதைக் குடைந்துகொண்டிருக்க, பாம்பு வாலை ஆட்டிச் சத்தமிட்டது. மனைவி நடீன் தோட்டத்து மண்வெட்டியால் ஒரே போடு போட்டாள்.

"ஏன் வெண்டல், இந்தத் தோட்டாவை ஒரு தடவையாவது சுட்டுப் பாத்தியா?"

"இவ்வளவு காசு போட்டு வாங்கினதை யாராவது சுட்டு வீணாக்குவாங்களா?"

அந்தச் சனிக்கிழமை சுட்டுப் பார்த்தார், மறுபடியும் சிக்கியது. தன் துப்பாக்கியில் தடங்கலின்றி ஓடும் வேறொரு ரகத்துக்கு மாறினார். அடுத்த சர்ச் விருந்தில் அவர் பேச்சு இப்படித் தொடங்கியது: "வாங்கினா மட்டும் போதாதுங்க, சுட்டுப் பாக்கணும். இதை நான் எப்பவோ சொல்லிட்டேன்."

நடீன் அவர் வாய்க்கு நேரே ஒரு துண்டு ஆப்பிள் பை இனிப்பை நீட்டினாள்.